ஒரே மரத்தில் பங்கீடு: லினக்ஸ் சிகுரூப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வர் பார்த்துக்கொள்பவர்கள், கன்டெய்னர் (தனிமைப்படுத்தி ஓட்டும் நிரல் தொகுப்பு) ஓட்டுபவர்கள், இயங்குதள வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கட்டளைகளைத் தொகுத்துத் தரும் பக்கங்கள் நிறைய உண்டு. இங்கே ஒவ்வொரு விதியும் எதற்காக அப்படி வைக்கப்பட்டது என்பதைத்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

சிகுரூப் என்பது என்ன?

பல பிராசஸ்களை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை) ஒரு குழுவாகச் சேர்த்து, அந்தக் குழு மொத்தமாக எவ்வளவு சிபியு, மெமரி, டிஸ்க் எடுத்துக்கொள்ளலாம் என்று இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலிடம் சொல்லும் ஏற்பாடு. குழுவுக்குள் குழு வைக்கலாம் என்பதால் அது மரமாகக் கிளைக்கும். கணினியில் ஓடும் ஒவ்வொரு பிராசஸும் இந்த மரத்தில் ஏதோ ஓர் இடத்தில் இருந்தே ஆக வேண்டும். ஒரு பிராசஸ் ஃபோர்க் செய்தால், அதாவது தன்னைப் போல இன்னொன்றை உருவாக்கினால், புதிய பிராசஸும் அதே குழுவில்தான் பிறக்கும். குழுக்களைப் பராமரிப்பது மையப்பகுதியின் வேலை. சிபியு, மெமரி என ஒவ்வொரு வளத்தையும் பங்கிடுவது அதற்கென உள்ள கன்ட்ரோலரின் வேலை.

யூலிமிட் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. யூலிமிட் என்பது பிராசஸுக்கு வரம்பு வைக்கும் பழைய வழி. மெமரிக்கான யூலிமிட் ஒரு தனி பிராசஸை மட்டுமே பார்க்கும். ஒரு பிராசஸுக்கு 1 ஜிபி என்று வரம்பு வைத்தால், அது நூறு பிராசஸ்களை ஃபோர்க் செய்து ஒவ்வொன்றும் 1 ஜிபி எடுத்துக்கொள்ளலாம். எந்த விதியும் மீறப்பட்டிருக்காது, ஆனால் மெஷின் படுத்துவிடும். சிபியு முன்னுரிமையைக் குறிக்கும் நைஸ் மதிப்பும் இப்படித்தான். ஒரே சிபியுவில் ஒருவர் 50 பிராசஸ் ஓட்டி, இன்னொருவர் ஒன்றே ஒன்று ஓட்டினால், முதலாமவருக்கு 50 மடங்கு நேரம் போய்விடும்.

வளத்தை நுகர்வது யார் என்ற கேள்விக்கு ‘பிராசஸ்’ என்பது சரியான பதில் இல்லை. 1999-இலேயே பங்கா, துருஷெல், மோகுல் ஆகிய மூவரும் இயங்குதள ஆய்வுக்கான ஓஎஸ்டிஐ மாநாட்டில் இதை முன்வைத்தார்கள். வெப் சர்வர் போன்ற நிரல்களில், ஒரு வேலைக்கான செலவைக் கணக்கில் எழுத பிராசஸிலிருந்து பிரிந்த ஒரு தனி அலகு வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

லினக்ஸில் இது எப்போது வந்தது?

முதலில் வந்தது சிபியுசெட். 2005-இல் 2.6.12 கெர்னலில் சேர்ந்தது. பெரிய மெஷின்களில் எந்த வேலை எந்த சிபியுவில் ஓடலாம் என்று பிரிப்பதற்கான ஏற்பாடு அது. 2006-இல் கூகுளின் பால் மெனாஜும் ரோஹித் சேத்தும் ‘பிராசஸ் கன்டெய்னர்’ என்ற பெயரில் பொதுவான ஒரு வடிவத்தில் வேலையைத் தொடங்கினார்கள். சிபியுசெட்டின் அடிப்படையையே மெனாஜ் பொதுமைப்படுத்தினார். 2007 இறுதியில் அதன் பெயர் ‘கன்ட்ரோல் குரூப்’ என்று மாறியது. 2008 ஜனவரியில் 2.6.24-உடன் வெளிவந்தது. அதே ஆண்டு அடுத்த கெர்னலில், ஐபிஎம்மில் இருந்த பல்பீர் சிங் முன்னின்று உருவாக்கிய மெமரி கன்ட்ரோலரும் சேர்ந்தது.

இரண்டாம் பதிப்பைத் தேஜுன் ஹியோ வடிவமைத்தார். 2016 மார்ச்சில் வந்த 4.5 கெர்னலில் அது அதிகாரபூர்வமானது. சிபியு கன்ட்ரோலர் மட்டும் நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2018-இல் 4.15-இல்தான் உள்ளே வந்தது.

முதல் பதிப்பில் அப்படி என்ன கோளாறு? ஏன் திரும்ப எழுதினார்கள்?

இந்தக் கேள்விக்கான பதில் புரிந்தால் மற்ற விதிகள் எல்லாம் தானாகப் புரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் பதிப்பில் எத்தனை மரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சிபியுவுக்கு ஒரு மரம், மெமரிக்கு வேறு மரம், டிஸ்க்குக்கு இன்னொன்று. ஒரே பிராசஸ் சிபியு மரத்தில் ‘மாணவர்கள்’ குழுவிலும், மெமரி மரத்தில் ‘பிரவுசர்’ குழுவிலும் இருக்கலாம். கேட்க நல்ல சுதந்திரமாகத் தெரியும். ஆனால் வளங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன.

டிஸ்கில் எழுதுவதைப் பாருங்கள். ஒரு நிரல் கோப்பில் எழுதும்போது தரவு நேராக டிஸ்குக்குப் போவதில்லை. முதலில் மெமரியில் பேஜ் கேஷுக்குப் போகிறது. சற்று நேரம் கழித்து கெர்னலின் பின்னணி த்ரெட் (தனியாக ஓடும் ஒரு வேலை இழை) ஒன்று அதை டிஸ்குக்குத் தள்ளுகிறது. அந்த எழுத்துச் செலவு யாருடையது? டிஸ்க் கன்ட்ரோலரின் கண்ணில் படுவது பின்னணி த்ரெட் மட்டும்தான். அந்தப் பேஜை அழுக்காக்கியது, அதாவது இன்னும் டிஸ்குக்குப் போகாத மாற்றத்தை அதில் எழுதியது, யார் என்பது மெமரி கன்ட்ரோலருக்குத் தெரியும், ஆனால் அது வேறு மரத்தில் இருக்கிறது. ஒரு மரத்தின் குழுவுக்கு இன்னொரு மரத்தில் இணையான குழு எது என்று சொல்ல வழியே இல்லை. விளைவாக முதல் பதிப்பில் டிஸ்க் வரம்பு நேரடி எழுத்துக்கு மட்டும் வேலை செய்தது. சாதாரண எழுத்து முழுக்க வரம்புக்கு வெளியே போனது.

இரண்டாம் பதிப்பில் ஒரே மரம். ஒரு பிராசஸுக்கு ஒரே இடம். மெமரி கன்ட்ரோலரும் டிஸ்க் கன்ட்ரோலரும் ஒரே குழுவைப் பற்றிப் பேசுவதால் அழுக்குப் பேஜின் செலவு சரியான கணக்கில் ஏறுகிறது. இதற்குக் கோப்பு முறைமையின் ஒத்துழைப்பும் வேண்டும். எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் ஆகியவற்றில் அது இருக்கிறது.

முதல் பதிப்பில் வேறு குழப்பங்களும் இருந்தன. மெமரி கன்ட்ரோலரில் தாய்க்குழுவின் வரம்பு பிள்ளைக்குழுக்களைக் கட்டுப்படுத்தாது. அது வேண்டுமானால் ஒரு தனிக் கோப்பில் 1 என்று எழுத வேண்டும். மரம் மாதிரி தோற்றம் இருந்தது, மரத்தின் பொருள் இல்லை. ஒரு பிராசஸின் த்ரெட்களைப் பிய்த்து வெவ்வேறு குழுக்களில் போடவும் முடிந்தது. ஒரே மெமரியைப் பகிரும் த்ரெட்களுக்குத் தனித்தனி மெமரிக் கணக்கு என்பதற்கு அர்த்தமே கிடையாது.

ஒரே மரம் என்று ஆனதில் சில வசதிகள் போனது உண்மை. சிபியுவை ஒரு விதமாகவும் மெமரியை வேறு விதமாகவும் பிரித்து வைத்திருந்தவர்கள் வருந்தினார்கள். ஆனாலும் அது சரியான முடிவு என்றே நான் உறுதியாக நம்புகிறேன். கணக்கே தப்பாக இருக்கும் இடத்தில் நெகிழ்வை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

புதிய குழு எப்படி உருவாக்குவது?

/சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப் என்ற டைரக்டரிக்குள் ஒரு டைரக்டரி உருவாக்கினால் அதுவே குழு. அதிலுள்ள ‘சிகுரூப்.பிராக்ஸ்’ கோப்பில் பிராசஸ் எண்ணை எழுதினால் பிராசஸ் உள்ளே வந்துவிடும். பிள்ளைகளுக்கு எந்தெந்த கன்ட்ரோலர் கிடைக்க வேண்டும் என்பதை தாய்க்குழுவின் ‘சிகுரூப்.சப்ட்ரீ-கன்ட்ரோல்’ கோப்பில் எழுத வேண்டும். தாய்க்குக் கிடைக்காத கன்ட்ரோலரைப் பிள்ளைக்குத் தர முடியாது. மேலிருந்து கீழாகத்தான் வரும்.

அந்தக் கோப்பில் மெமரியைச் சேர்த்தால் ‘பிஸி’ என்று பிழை வருகிறது. ஏன்?

அந்தக் குழுவுக்குள் நேரடியாக பிராசஸ்கள் இருப்பதால். வேரைத் தவிர, பிள்ளைகளுக்கு மெமரி போன்ற வளங்களைப் பங்கிடும் எந்தக் குழுவும் தனக்கென பிராசஸ் வைத்துக்கொள்ளக் கூடாது. பிராசஸ்கள் இலைகளில் மட்டுமே இருக்க வேண்டும்.

பலருக்கு இது வீண் கெடுபிடியாகத் தோன்றும். காரணத்தைப் பாருங்கள். ஒரு குழுவில் நேரடியாக மூன்று பிராசஸ், கூடவே இரண்டு பிள்ளைக்குழு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இப்போது போட்டி பிராசஸுக்கும் குழுவுக்கும் இடையே. குழுவுக்கு எடை இருக்கிறது, அந்த மூன்று பிராசஸுக்கும் என்ன எடை? முதல் பதிப்பில் ஒவ்வொரு கன்ட்ரோலரும் தன் இஷ்டப்படி பதில் சொன்னது. சிபியு கன்ட்ரோலர் ஒவ்வொரு த்ரெட்டையும் ஒரு குழுவுக்குச் சமமாக நிறுத்தியது. அதனால் த்ரெட் எண்ணிக்கை மாறும்போதெல்லாம் பிள்ளைக்குழுவின் பங்கும் மாறியது. டிஸ்க் கன்ட்ரோலர் கண்ணுக்குத் தெரியாத ஓர் இலையைத் தானாக உருவாக்கிக்கொண்டது. மெமரி கன்ட்ரோலருக்கு இந்தப் போட்டியைக் கட்டுப்படுத்த வழியே இல்லை. மூன்றையும் ஒரே விதிக்குள் கொண்டுவர ஒரே வழி, அந்த நிலைமையே வராமல் தடுப்பதுதான்.

தீர்வு எளிது. உள்ளே ஓர் இலைக்குழு உருவாக்கி, இருக்கும் பிராசஸ்களை அதற்கு நகர்த்துங்கள். அப்புறம் கன்ட்ரோலரை இயக்குங்கள்.

எடை எப்படி வேலை செய்கிறது?

‘சிபியு.வெயிட்’ கோப்பில் 1 முதல் 10000 வரை எழுதலாம். எதுவும் எழுதாவிட்டால் 100. இந்த எண் ஒரே தாயின் பிள்ளைகளுக்கிடையே மட்டும் ஒப்பிடப்படும். வேரின் கீழே ஏ-வுக்கு 100, பி-க்கு 300 என்றால், இரண்டும் முழுமூச்சாக ஓடும்போது ஏ-வுக்கு 25 விழுக்காடு, பி-க்கு 75. ஏ-வுக்குள் இரண்டு பிள்ளைகள் சம எடையில் இருந்தால் ஆளுக்கு 12.5. அதில் ஒரு பிள்ளைக்கு 10000 என்று எழுதினாலும் அதற்குக் கிடைப்பது ஏ-வின் 25-க்குள்தான். பி-யின் பங்கில் ஓர் அணுவும் குறையாது. பாகப்பிரிவினையில் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும் தங்கள் அப்பாவின் பங்கைத்தான் பிரித்துக்கொள்ள முடியும் என்பதுபோல.

இன்னொன்று: எடை என்பது போட்டி இருக்கும்போது மட்டும் செல்லும். பி சும்மா இருந்தால் ஏ முழு சிபியுவையும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் சிபியுவுக்கு எடை வைப்பதா, உச்சவரம்பு வைப்பதா?

முடிந்தவரை எடை. உச்சவரம்பு வைப்பதற்குத் தனிக் காரணம் வேண்டும்: பயன்பாட்டுக்குக் கட்டணம் வாங்குகிறீர்கள், அல்லது எப்போதும் ஒரே வேகம் கிடைக்க வேண்டும் என்பது போல.

‘சிபியு.மேக்ஸ்’ கோப்பில் இரண்டு எண்கள்: ஒதுக்கீடு, கால அளவு, இரண்டும் மைக்ரோ நொடியில். ‘50000 100000’ என்றால் ஒவ்வொரு 100 மில்லி நொடியிலும் 50 மில்லி நொடி, அதாவது அரை சிபியு. இதில் பலரும் கவனிக்காத ஒரு பொறி இருக்கிறது. 8 கோர் மெஷினில் ஒரு நிரலுக்கு ‘100000 100000’, அதாவது ஒரு முழு சிபியு தருகிறீர்கள். நிரலில் 8 த்ரெட்கள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. 100 மில்லி நொடி ஒதுக்கீடு 12.5 மில்லி நொடியில் தீர்ந்துவிடும். மிச்சம் 87.5 மில்லி நொடி அத்தனை த்ரெட்களும் நிறுத்திவைக்கப்படும். சராசரி சிபியு பயன்பாட்டைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, ஆனால் அந்த இடைவெளியில் வந்த கோரிக்கை காத்துக்கிடக்கும். பக்கத்தில் ஏழு கோர்கள் சும்மா இருந்தாலும் இதே கதிதான்.

பதில் நேரம் அவ்வப்போது துள்ளுகிறது என்றால் முதலில் ‘சிபியு.ஸ்டாட்’ கோப்பில் எத்தனை முறை த்ராட்டில் ஆகியிருக்கிறது (இப்படி நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது) என்ற எண்ணைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் காரணம் கிடைத்துவிட்டது. த்ரெட் எண்ணிக்கையைக் குறைக்கலாம், வரம்பை உயர்த்தலாம், அல்லது 5.14 முதல் உள்ள ‘சிபியு.மேக்ஸ்.பர்ஸ்ட்’ மூலம் மீந்த ஒதுக்கீட்டைக் கொஞ்சம் சேர்த்துவைக்க அனுமதிக்கலாம்.

மெமரிக்கு மின், லோ, ஹை, மேக்ஸ் என்று நான்கு கோப்புகள் எதற்கு?

சிபியு நேரத்தை அடுத்த நொடி வேறொருவருக்குத் தரலாம். கொடுத்த மெமரியை அப்படித் திரும்ப வாங்க முடியாது. அதனால்தான் இங்கே எடை இல்லை, கீழ்ப்பக்கம் இரண்டு காப்பு, மேல்பக்கம் இரண்டு வரம்பு என்று வைத்திருக்கிறார்கள்.

‘மின்’ கடுமையான காப்பு: அந்த அளவுக்குள் இருக்கும் மெமரியைக் கெர்னல் எந்த நிலையிலும் பிடுங்காது. வேறு வழியே இல்லாமல் போனால், மெமரி தீர்ந்தால் பிராசஸைக் கொல்லும் ஓஓஎம் கில்லரைக் கூப்பிடும். ‘லோ’ மென்மையான காப்பு: மற்ற இடங்களில் எடுக்க மெமரி இருக்கும்வரை இதைத் தொடாது. ‘ஹை’ தாண்டினால் யாரும் கொல்லப்பட மாட்டார்கள். பிராசஸின் வேகம் குறைக்கப்பட்டு, அதனிடமிருந்தே மெமரி மீட்கப்படும். ‘மேக்ஸ்’ கடைசிச் சுவர். மீட்கவும் முடியாமல் அதை முட்டினால் ஓஓஎம் கில்லர்தான்.

‘மேக்ஸ்’ மட்டும் வைத்துவிட்டுப் போவதுதான் பெரும்பாலோர் பழக்கம். அதை மாற்றிக்கொள்ளச் சொல்வேன். முக்கியமான சேவைக்கு ‘லோ’ வையுங்கள், அடங்காத நிரலுக்கு ‘ஹை’ வையுங்கள், ‘மேக்ஸ்’ எதிர்பாராத விபத்துக்காக இருக்கட்டும்.

காப்பு வைக்கும்போது மேலே உள்ள தாய்க்குழுக்களையும் பாருங்கள். இலையில் 2 ஜிபி ‘லோ’ எழுதி, தாயில் பூஜ்யமாக விட்டிருந்தால் அந்தக் காப்புக்குப் பலன் இல்லை. தாயிடம் இல்லாத காப்பைப் பிள்ளை கோர முடியாது.

ஓஓஎம் வந்தால் குழு முழுவதும் சாகுமா?

வழக்கமாக ஒரு பிராசஸ்தான். பாதி செத்து பாதி உயிரோடு நிற்கும் சேவை இன்னும் மோசம் என்றால் ‘மெமரி.ஓஓஎம்.குரூப்’ கோப்பில் 1 எழுதுங்கள், மொத்தமாகப் போகும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸ், சிகுரூப் இரண்டாம் பதிப்பு மெஷின்களில் 1.28 முதல் கன்டெய்னர்களுக்கு இதைத் தானாகவே போடுகிறது.

பிராசஸை வேறு குழுவுக்கு மாற்றினால் அதன் மெமரியும் கூடப் போகுமா?

போகாது. முதலில் தொட்ட குழுவின் கணக்கில் ஏறிய மெமரி, விடுவிக்கப்படும்வரை அங்கேயே இருக்கும். இரண்டு குழுக்கள் ஒரே கோப்பைப் படித்தாலும், அந்தப் பேஜ் முதலில் தொட்டவர் கணக்குதான். இதனால் ஒரு விசித்திரம் நடக்கும்: குழுவை நீக்கிய பிறகும், அதன் கணக்கில் பேஜ் கேஷ் மிச்சமிருந்தால் கெர்னலுக்குள் அந்தக் குழு செத்தும் சாகாமல் கிடக்கும். பிராசஸ்களை அடிக்கடி இடம் மாற்றும் வடிவமைப்பு வேண்டாம். பிராசஸ் தொடங்கும்போதே சரியான குழுவில் வையுங்கள். 5.7 கெர்னலிலிருந்து, பிறக்கும்போதே வேறு குழுவில் பிறக்குமாறு பிராசஸை உருவாக்கும் குளோன்3 அழைப்பிலேயே சொல்ல வசதி உண்டு.

டிஸ்க்குக்கு என்ன வழி?

‘ஐஓ.மேக்ஸ்’ மூலம் நொடிக்கு எத்தனை பைட், எத்தனை செயல்பாடு என்று ஒவ்வொரு டிஸ்க்குக்கும் வரம்பு வைக்கலாம். ‘ஐஓ.லேட்டன்சி’ மூலம் தாமத இலக்கு வைக்கலாம். ‘ஐஓ.வெயிட்’ எடைப்படி பிரிக்கும், ஆனால் அதற்கு 5.4-இல் வந்த ஐஓகாஸ்ட் அந்த டிஸ்கில் இயங்க வேண்டும். ஒரு எஸ்எஸ்டியில் சின்னப் படிப்புக்கும் பெரிய எழுத்துக்கும் செலவு ஒன்றல்ல என்பதால் அது டிஸ்கின் செலவு மாதிரியை வைத்துக் கணக்கிடுகிறது.

ஃபோர்க் பாம் தாக்குதலைத் தடுக்குமா?

ஒரு நிரல் நிற்காமல் ஃபோர்க் செய்து மெஷினை மூழ்கடிப்பதுதான் ஃபோர்க் பாம். அதைத் தடுக்கும். ‘பிட்ஸ்.மேக்ஸ்’ வையுங்கள். எண்ணிக்கை முட்டியதும் ஃபோர்க் தோல்வியடையும்.

சாதாரணப் பயனருக்குத் தன் குழுக்களைத் தானே பிரிக்க உரிமை தரலாமா?

தரலாம், இரண்டாம் பதிப்பில் இது பாதுகாப்பாகவே செய்யப்பட்டிருக்கிறது. டைரக்டரியையும், உள்ளே ‘சிகுரூப்.பிராக்ஸ்’, ‘சிகுரூப்.த்ரெட்ஸ்’, ‘சிகுரூப்.சப்ட்ரீ-கன்ட்ரோல்’ ஆகிய மூன்று கோப்புகளையும் அவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். ‘மெமரி.மேக்ஸ்’ போன்ற கோப்புகளைத் தராதீர்கள். ஒரு குழுவின் டைரக்டரியில் இருந்தாலும் அவை தாய்க்குரியவை, பிள்ளைக்கு எவ்வளவு என்று தாய் எழுதும் இடம் அது. அதைப் பயனருக்குத் திறந்துவிட்டால் தன் வரம்பைத் தானே உயர்த்திக்கொள்வார்.

பிராசஸை நகர்த்துவதற்கும் ஒரு காவல் உண்டு. போய்ச்சேரும் குழு மட்டும் போதாது, இரண்டு குழுக்களுக்கும் பொதுவான மூதாதைக் குழுவின் ‘சிகுரூப்.பிராக்ஸ்’ கோப்பிலும் எழுதும் உரிமை வேண்டும். அதனால் இரண்டு பயனர்கள் கூட்டுச் சேர்ந்தாலும் ஒருவர் கிளையிலிருந்து இன்னொருவர் கிளைக்குப் பிராசஸைக் கடத்த முடியாது. படிநிலை வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கீழே இருப்பவருக்கு முழுச் சுதந்திரம் இருக்கிறது, மேலே இருப்பவரின் முடிவு துளியும் அசைவதில்லை.

சிஸ்டம்டி ஓடும் மெஷினில் நானே டைரக்டரி உருவாக்கலாமா?

வேண்டாம். மரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் எழுதுபவர் ஒருவரே இருக்க வேண்டும். மேல்பகுதி, மெஷினில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியுடையது. சேவையை விவரிக்கும் யூனிட் கோப்பில் ‘டெலிகேட்’ என்று குறித்து ஒரு கிளையைக் கேட்டு வாங்கி, அதற்குள் விருப்பப்படி செய்யுங்கள். வெறும் வரம்புதான் வேண்டுமென்றால் ‘மெமரிஹை’, ‘சிபியுவெயிட்’ போன்றவற்றை யூனிட் கோப்பிலேயே எழுதலாம்.

என் மெஷினில் எந்தப் பதிப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

/சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப் டைரக்டரியில் நேரடியாக ‘சிகுரூப்.கன்ட்ரோலர்ஸ்’ கோப்பு இருந்தால் இரண்டாம் பதிப்பு. ஃபெடோரா 31 (2019), டெபியன் 11 (2021), ரெட்ஹேட் 9 (2022) முதல் அதுவே இயல்பு.

கன்டெய்னருக்குள் ‘ஃப்ரீ’ கட்டளை முழு மெஷினின் மெமரியைக் காட்டுகிறதே?

அந்தக் கட்டளை /பிராக்/மெமின்ஃபோவைப் படிக்கிறது. அதற்குச் சிகுரூப் பற்றித் தெரியாது. நிரல்களும் இதே தவறைச் செய்ததுண்டு. பழைய ஜாவா, மெஷினின் மொத்த மெமரியைப் பார்த்து ஹீப் (தான் பயன்படுத்தும் மெமரிப் பகுதி) அளவைத் தீர்மானித்து, கன்டெய்னர் வரம்பை முட்டிச் செத்துப்போகும். ஜாவாவின் ஜேடிகே 10-இல் இது சரியானது. இரண்டாம் பதிப்புச் சிகுரூப்பை ஜேடிகே 15 முதல் புரிந்துகொள்கிறது. பழைய ஜாவாவை வைத்துக்கொண்டு மெஷினை மட்டும் புதுப்பித்தவர்கள் இதை உடனே சரிபார்க்க வேண்டும்.

வரம்பு சரியாக இருக்கிறதா என்று எதைப் பார்த்து முடிவு செய்வது?

பயன்பாட்டு அளவை மட்டும் பார்க்காதீர்கள். மெமரி 95 விழுக்காடு நிரம்பியிருப்பது கோளாறு ஆகாது, பேஜ் கேஷ் அப்படித்தான் நிரம்பும். பார்க்க வேண்டியது காத்திருப்பை. 4.20 கெர்னலில் யோஹனஸ் வைனர் சேர்த்த பிஎஸ்ஐ அதைத்தான் அளக்கிறது. ஒவ்வொரு குழுவிலும் ‘மெமரி.பிரஷர்’, ‘சிபியு.பிரஷர்’, ‘ஐஓ.பிரஷர்’ கோப்புகள் இருக்கும். ‘சம்’ வரிசையில் 10 நொடிச் சராசரி 12 என்றால், அந்த நேரத்தில் 12 விழுக்காடு குறைந்தது ஒரு வேலையாவது அந்த வளத்துக்காக நின்றிருக்கிறது. ‘ஃபுல்’ என்றால் ஓட வேண்டிய எல்லா வேலையும் நின்றிருக்கிறது. மெமரியில் ‘ஃபுல்’ தொடர்ந்து ஏறினால் குழு தத்தளிக்கிறது என்று பொருள். சிஸ்டம்டி-ஓஓஎம்டி இந்த எண்களைப் பார்த்தே, கெர்னலின் ஓஓஎம் வருவதற்கு முன் செயல்படுகிறது.

ரியல்டைம் பிராசஸ்களையும் இப்படிப் பங்கிட முடியுமா?

இரண்டாம் பதிப்பின் சிபியு கன்ட்ரோலர், குறித்த நேரத்தில் ஓடியே ஆக வேண்டிய ரியல்டைம் பிராசஸ்களைக் கட்டுப்படுத்துவதில்லை. கெர்னலை ரியல்டைம் குழுத் திட்டமிடலுடன் கட்டியிருந்தால் இன்னொரு தொல்லையும் சேரும்: எல்லா ரியல்டைம் பிராசஸும் வேர்க் குழுவில் இருந்தால்தான் சிபியு கன்ட்ரோலரை இயக்கவே முடியும். ஒலி சர்வர் போன்ற ஏதோ ஒன்று ஒரு மூலையில் ரியல்டைமாக ஓடிக்கொண்டிருந்தால் ‘சப்ட்ரீ-கன்ட்ரோல்’ கோப்பில் சிபியுவைச் சேர்ப்பது தோற்றுப்போகும், பிழைச்செய்தியிலிருந்து காரணமும் புரியாது. அப்படி மாட்டிக்கொண்டால் அந்தப் பிராசஸ்களைத் தேடி வேருக்கு நகர்த்துங்கள், இல்லாவிட்டால் அந்த வசதி இல்லாமல் கட்டிய கெர்னலுக்கு மாறுங்கள்.